மாமன் சீரில் வந்த பாத்டப்

தம்பி,

மொட்டைமாடியிலிருந்து கழற்றிய பித்தளை வால்வு என் மடியில் கிடக்கிறது. நீ மாட்டியது. மேலே உள்ள சக்கரம் நன்றாகத்தான் சுற்றுகிறது. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் தகடுதான் தண்டை விட்டுக் கழன்று, பாதி வழியை அடைத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. சக்கரம் சுற்றுவதைப் பார்த்து, திறந்துதான் இருக்கிறது என்று இத்தனை மாதமும் நம்பிவிட்டோம். பிளம்பர் இதைக் கையில் கொடுத்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்காதே. உன் மேல்தான். இதையெல்லாம் பார்க்க நீ இருந்திருக்க வேண்டாமா?

மலர் பெரியவளானபோது சடங்கு வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு ஓடியது உனக்கு மறந்திருக்காது. பிறந்ததிலிருந்து இரண்டு காலும் விறைத்து, நடக்க முடியாத பிள்ளைக்கு எதற்கு ஊரைக் கூட்டுவது என்றார்கள் உன் மச்சான் வீட்டுப் பெரியவர்கள். நீ ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கேன்ல? எம் மருமகளுக்குச் சீரு வரும். பந்தலப் போடுங்க" என்றாய்.

வந்ததே சீர்! சுருளிப்பட்டித் தெருவில் மேளம் முன்னால் போக, பின்னால் நான்கு பேர் ஒரு வெள்ளைப் பாத்டப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குமுளியில் ஏதோ பழைய லாட்ஜை இடித்தபோது வாங்கி, ஜீப் மேலே கட்டி மலையிறக்கினாயாம். அதற்குள் பட்டுப்பாவாடை, வளையல், மஞ்சள், ஒரு தார் வாழைப்பழம், ஒரு கூடை பன்னீர் திராட்சை. "ஏலே, மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கவா கொண்டாந்திருக்க?" என்று பந்தலே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. நீ என் காதோடு சொன்னாய்: "தேனி டாக்டரம்மா என்ன சொன்னாக? வெந்நியில முங்கிக் கெடந்தா பிள்ளைக்கு நரம்பு எளகும்னாகல்ல? பெறகு என்ன, குண்டாச்சட்டியிலயா உக்கார வைப்ப?" சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தி பார்க்கப் போய்விட்டேன்.

டப்பைக் குளியலறையில் பதித்த அன்று குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்கியது. ஷவரில் வெறும் சொட்டு. டப் பாதி நிறைவதற்குள் ஹீட்டர் வெந்நீர் ஆறிவிட்டது. பிள்ளை வெடவெடவென்று நடுங்கினாள். நீ மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தாய். "டேங்க்கு ஷவருக்கு மேல ஒரு மொழம்தாங்க்கா இருக்கு. எங்கிட்டுருந்து வேகம் வரும்?" அடுத்த வாரமே இரும்பு ஸ்டாண்ட் அடித்து டேங்க்கை உயரே ஏற்றினாய். அரை இஞ்ச் குழாயைப் பிடுங்கிவிட்டு ஒரு இஞ்ச் குழாய் இறக்கினாய். மேலேயிருந்து நீ "வருதா?" என்று கத்தவும், கீழே ஷவர் மலர் முகத்தில் சடசடவென்று அடிக்கவும் சரியாக இருந்தது. அவள் சிரித்த சிரிப்பு திராட்சைத் தோட்டத்தில் நின்ற உன் மச்சானுக்கே கேட்டதாம்.

பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ தவறியதில்லை. வாரமெல்லாம் கம்பத்தில் நின்று, மலைமேல் கம்பம் மெட்டு ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் கூப்பிடுகிற அதே குரலில் குளியலறை வாசலில் நின்று, "மெட்டு, மெட்டு! ஒரே ஒரு ஆளு! வண்டி கெளம்புது!" என்பாய். அவள் நாக்குக் குழற, "முன் சீட்டு, மாமா" என்பாள். நைட்டியோடேயே அவளை அலுங்காமல் அள்ளித் தண்ணீரில் இறக்கிவிட்டு, வெளியே போய் டீ கேட்பாய். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

சித்திரையில் ஜீப் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட நீ தாங்கவில்லை.

அதை ஒட்டித்தான் தண்ணீரும் குறைந்தது. ஷவரைக் கழற்றி, உப்பு அடைத்த துளைகளை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தேன். டேங்க்கைக் கழுவினோம். ஒன்றும் நடக்கவில்லை. யார் கேட்டாலும், "தண்ணிக்கு வேகமே இல்ல, டப்பு நெறயுறதுக்குள்ள ஆறிப்போகுது" என்றே சொல்லிவந்தேன். தேனி டாக்டரம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் மலரின் முழங்காலை நீட்டப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இப்படியே விட்டா மடங்குன கால் மடங்குனபடியே நின்னுரும்மா" என்றார். உன் மச்சானோ, "சும்மாதான கெடக்கு. அத எடுத்துட்டா வீல்சேராவது உள்ள தாராளமாத் திரும்பும்" என்றார். "எந்தம்பி வச்ச சீரு அது. கை வச்சீகன்னா நடக்குறதே வேற!" என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். சண்டை போட்டேனே தவிர, பிள்ளையின் கால் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டுதான் போயிற்று.

இன்று புது வால்வு மாட்டியாயிற்று. குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டிய வேகத்தில் டப் மளமளவென்று நிறைந்தது. ஆவி பறந்தது. மலரை வீல்சேரில் தள்ளிவந்து பக்கத்தில் நிறுத்தினேன். இருவரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தண்ணி வந்துருச்சும்மா" என்றாள். பிறகு, "மாமாதான் வரல."

அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. தண்ணீர் குறைந்தது நிஜம்தான். ஆனால் ஷவர் பழையபடி அடித்திருந்தாலும் நான் அவளை இதில் இறக்கியிருக்க மாட்டேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அவளும் வளர்ந்துவிட்டாள். ஈரத்தரையில் கை நழுவிவிட்டால்? அதைவிட, நீ நின்ற இடத்தில் போய் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது.

உன் மச்சானைக் கூப்பிட்டேன். வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. "எனக்கு அவனாட்டம் தூக்கத் தெரியாதுடி. பிள்ளைக்கு வலிச்சுரும்" என்றார். டப்பை எடுக்கச் சொன்னதும் இந்தப் பயத்தில்தான் என்று புரிந்தது. பாவம், அந்த மனுஷனைப் போய் நான் என்னவெல்லாம் பேசிவிட்டேன்.

"எனக்கு மட்டும் தெரியுமா? வாங்க" என்றேன்.

அவர் முழங்காலுக்கு அடியில் கை கொடுத்தார். நான் முதுகைத் தாங்கினேன். இருவரும் அப்படியே நின்றோம்; யாரும் தூக்கவில்லை. உன் குரல் எனக்கு எங்கே வரும்? பாதிதான் வந்தது.

"மெட்டு... மெட்டு... ஒரே ஒரு ஆளு..."

மலர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "முன் சீட்டு" என்றாள்.

தூக்கினோம். கனம்தான், தம்பி. அடுத்த ஞாயிறும் வண்டி உண்டு.