பத்துப் பேர் பார்த்த பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இது பதிவுத் தபாலில் வருகிறது. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். நீ வாங்கியதற்கு அத்தாட்சியாக ஓர் அட்டை எனக்குத் திரும்பி வரும். அதனால் ‘பார்த்தேன் அப்பா’ என்று பதில் போடும் சிரமம் உனக்கு இல்லை.

எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பது வழக்கம். இந்த முறை அந்த வரி எழுத வரவில்லை. நான் நலம். உன் அம்மா எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். நான்கு மாதத்துக்கு முன்பு அவள் முன்னால் இப்படி உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. பேனாவைத் திறந்தாலே எட்டிப் பார்ப்பாள், ஒற்றுப் பிழை சொல்வாள். இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கண் தெரியவில்லை.

இரண்டு கண்ணும்தான். வலது கண் போன வருடமே போய்விட்டது. இடது கண் போன மாதம் பத்தாம் தேதி வரை ஜன்னல் எது, சுவர் எது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. கண் நரம்பு காய்ந்துவிட்டதாம். ஆரம்பத்திலேயே டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். “சொட்டு மருந்து விட்டா கொஞ்சம் தள்ளிப் போடலாம், நிறுத்த முடியாது. நாலு மாசம்னு வச்சுக்கோங்க. பார்க்கணும்னு ஆசைப்படறதை எல்லாம் பார்த்துக்கட்டும்” என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து பாப்பாவுக்குப் பின்னிய ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேத்திக்கு மூன்று வயது ஆகிறது. இன்னும் நேரில் பார்த்ததில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட போனை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டாள். “போன்லயும் சொல்லக் கூடாது, லெட்டர்லயும் எழுதக் கூடாது, சத்தியம் பண்ணுங்க. போன தடவை என் வயித்து வலிக்கு வந்துட்டு அவன் என்ன சொன்னான்னு மறந்துட்டீங்களா?” என்றாள். நான் மறந்திருந்தேன். நீயும் மறந்திருப்பாய். ‘இதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க’ என்று சொன்னாய். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாயாம். அவளுக்கு அந்தச் செருப்பின் நிறம் உட்பட ஞாபகம் இருக்கிறது.

சத்தியம் செய்துவிட்டேன். ஆனால் முப்பத்தொரு வருடம் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவன் நான். விதியை எழுதினவனை விட அதில் எங்கே ஓட்டை என்று எனக்கு நன்றாகத் தெரியும். போனில் கூடாது என்றால் அதில் வரும் மெசேஜும் கூடாது. கடிதம் கூடாது. கணினியில் ஒரு வலைப்பக்கம் போட்டு, அதில் எழுதி வைத்தால்? அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

உன் அறையில் உன் பழைய கணினி அப்படியே இருக்கிறது. மேஜை இழுப்பறையில் நீ படிக்கிற காலத்தில் எழுதிய நோட்டும் இருந்தது. அதில் ‘நம்ம கம்ப்யூட்டரையே வெப் சர்வர் ஆக்குவது எப்படி’ என்று தலைப்புப் போட்டு உன் கோழிக்கிறுக்கலில் பதினோரு படிகள். ஒன்பது நாள் ஆனது எனக்கு. இறக்கினேன், நிறுவினேன், அது ஓட மாட்டேன் என்றது. சர்வருக்கு ஒரு வாசல் எண் வேண்டுமாம், நோட்டில் ‘போர்ட்’ என்று எழுதியிருந்தாய்; அந்த எண்பதாம் எண் வாசலில் வேறொரு மென்பொருள் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள். வாசலை எட்டாயிரத்து எண்பதுக்கு மாற்றினேன். வெளியிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடலாமா என்று கணினி ஒரு தரம் கேட்டது. ஊர் பேர் தெரியாதவர்களை எதற்கு விட வேண்டும் என்று ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. பதினோராவது படியில் நீ எழுதியிருந்தபடி லோக்கல்ஹோஸ்ட் என்று முகவரி அடித்ததும் ‘வேலை செய்கிறது’ என்று திரையில் வந்தது. அறுபத்தாறு வயதில் நான் எழுந்து நின்று கை தட்டினேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, “பால் பொங்குதுன்னு பார்த்தா நீங்க பொங்கறீங்க” என்றாள்.

முகப்பில் ஊருக்குப் பொதுவாக என் உத்தியோகக் கதைகள், மீட்டரைக் கல்லால் அடித்து நிறுத்தினவர்கள், நாயை அவிழ்த்துவிட்டவர்கள், அப்புறம் நாலு படம். உனக்கு மட்டும் தனியாக இன்னொரு பக்கம். முகப்பிலிருந்து அதற்கு வழி வைக்கவில்லை. மற்ற பத்துப் பேருக்கு மெசேஜில் வெறும் முகவரி; முகவரி அனுப்புவது விஷயத்தைச் சொல்வது ஆகாதே. உனக்கு அந்த முகவரியோடு ஒரு கோடு போட்டு ‘அம்மா’ என்று சேர்த்து அனுப்பினேன். ‘கட்டாயம் படி’ என்றும் எழுதினேன்.

முதல் பதில் உன்னுடையது. நாலு நிமிஷத்தில் வந்தது. ‘பார்த்தேன் அப்பா. சூப்பர். அப்புறம் பேசறேன்.’

அந்த வரியை நான் எத்தனை தரம் படித்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. பெற்றவளுக்குக் கண் போகிறது என்று எழுதினால் சூப்பர் என்கிறவனைப் பெற்றிருக்கிறேன் என்று நினைத்தேன். வருவாய், ஏதோ கை தவறி எழுதிவிட்டாய் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு காத்திருக்கவில்லை. இந்த நான்கு மாதமும் நீ போனில் வந்தபோதெல்லாம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளிடம் கொடுத்தேன். ‘ஏன்பா ஒரு மாதிரி பேசறீங்க’ என்று ஒருநாள் கேட்டாய். அவளோ பாப்பா முகத்தைப் பார்க்க போனை ஜன்னலோரம் கொண்டுபோவாள். ‘இங்க வெளிச்சம் பத்தல’ என்பாள். மதியம் பன்னிரண்டு மணிக்குச் சொல்வாள். ‘சரிம்மா, லைட்டைப் போடுங்க’ என்பாய்.

மற்றவர்களும் பதில் போட்டார்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், எல்லோருக்கும் பிடித்திருந்தது. உன் அத்தை ஒருபடி மேலே போய், “அந்தக் கல்யாணப் போட்டோவுல அண்ணி என்ன லட்சணம்!” என்றாள். நான் கல்யாணப் போட்டோவே போடவில்லை. வயசாகிறது, வேறு எங்கோ பார்த்ததைச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். என்னோடு வேலை பார்த்த, நாங்கள் ‘குழாய்’ என்று கூப்பிடுகிற ஆள், உனக்குத் தெரியுமே, குழாய் பதிக்கிற பிரிவில் இருந்த அந்தக் குள்ள மனிதர், அவர் ஒருவர்தான் போன் செய்து, “யோவ், ஒண்ணுமே திறக்கலய்யா, வெள்ளையா என்னமோ எரர்னு வருது” என்றார். பத்து மீட்டர் ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் வேறு மாதிரி காட்டினால், நாங்கள் அந்த ஒன்றைத்தான் கழற்றுவோம். உமக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, என் பையன் இதே தொழிலில் இருக்கிறான், அவனே பார்த்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனிதர் ஒரு மாதம் பேசவில்லை.

போன வாரம் கணினியின் விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போட்டது. பகலும் இரவும் நான் அணைக்காமல் ஓட்டியதில் தூசி அடைத்திருக்கிறது. ரிப்பேர்காரர் வந்தார். துடைத்துவிட்டு, இது எதற்கு சர்வர் ஓடுகிறது என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். முகவரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஐயா, இது இந்த மெஷினை விட்டு வெளிய போகவே போகாது. இந்த அட்ரஸுக்கு ‘இதே கம்ப்யூட்டர்’னுதான் அர்த்தம். யார் அடிச்சாலும் அவங்கவங்க கம்ப்யூட்டரைத்தான் தேடும்” என்றார். எல்லோரும் பார்த்தார்களே என்றேன். வந்து போனவர்களின் பதிவேடு ஒன்று சர்வரே எழுதி வைக்குமாம். திறந்து காட்டினார். வரிசையாக ஐந்நூற்றுச் சொச்சம் வரிகள். “வந்தது ஒரே ஆள்தான் ஐயா. நீங்க” என்றார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினோராவது படிக்குப் பிறகு நீ ஒன்றும் எழுதவில்லை. உன் கணினியில் தெரிந்தது, உனக்கு அது போதும் என்று விட்டிருக்கிறாய். நான் அதைத்தான் ஊருக்கே வழி என்று நினைத்தேன். தப்பு என்னுடையதுதான். சத்தியத்தை மீறாமலும் இருக்க வேண்டும், சொல்லவும் வேண்டும் என்று கெட்டிக்காரத்தனம் செய்ததும் நான்தான். நேராகப் போனில், வாடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சத்தியம்தான் போயிருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் அத்தைக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியாது. நீ இந்தத் தொழிலில் சம்பளம் வாங்குகிறவன். திறந்து பார்க்கவே வேண்டாம். அந்த முகவரியை ஒரு தரம் கண்ணால் பார்த்திருந்தாலே சிரித்திருப்பாய். ‘அப்பா, இது இங்கே தெரியாது, அதில் என்ன எழுதியிருந்தீங்க’ என்று கேட்டிருப்பாய். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. படித்துவிட்டு வராமல் இருந்தாய் என்று உன்னை வெறுத்தேன். படிக்கவே இல்லை என்று தெரிந்த பிறகு வெறுப்பதற்குக்கூட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததை அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன்.

‘அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நாலு மாதம் என்கிறார் டாக்டர். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வேறு காரணம் சொல்லிக்கொண்டு பாப்பாவைக் கூட்டி வா. ஒரே ஒரு தரம் அவள் பாப்பாவைப் பார்க்கட்டும்.’

ஐந்து வரிதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இந்த வீட்டில் இப்போது பழமொழி சொல்லவும் பயமாக இருக்கிறது.

சர்வரை நேற்று நிறுத்திவிட்டேன். குழாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணிக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். அவள் அழுவதில்லை. கை பட்டதையெல்லாம் இன்னது என்று சொல்லிவிடுகிறாள். நேற்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, இளைச்சுட்டீங்க என்றாள்.

இதை முடிக்கும் நேரத்தில், இவ்வளவு நேரமா யாருக்கு எழுதறீங்க என்று கேட்டாள். அவனுக்குத்தான் என்றேன். படிங்க கேட்போம் என்றாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இதில் இல்லாத ஒரு கடிதத்தைப் படித்தேன். மழை, மாடிக் குழாய் ஒழுகல், அம்மாவுக்கு லேசாகச் சளி. “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். அந்தப் பத்துப் பேரோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

பிறகு அவளாக ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். “பாப்பா போட்டோ ஒண்ணு பெருசா போட்டு அனுப்பச் சொல்லுங்க. பார்க்கணும்போல இருக்குன்னு எழுதுங்க” என்றாள். உனக்குச் சந்தேகம் வரக் கூடாதாம். எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போட்டோ அனுப்பாதே. பாப்பாவைக் கொண்டுவந்து அவள் மடியில் விடு. ஸ்வெட்டர் சின்னதாகப் போயிருக்கும், பரவாயில்லை.

நீங்கள் மூவரும் குறை ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா