பாபு அடித்த சொல்

முன்னியின் அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். என் அம்மாவின் பாதங்களுக்கு வணக்கம் சொல். முன்னிக்கு இருமல் நின்றதா? கோணல் எழுத்தைப் பார்த்துப் பதறாதே. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக நானேதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மில்லில் புது அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பினார்கள். குமாஸ்தா பாபு என்னைக் கேட்காமலே ஆங்கிலத்தில் எதையோ எழுதினார்.

"என்ன பாபுஜி எழுதுனீங்க?"

"இல்லிட்டரேட். நம்ம 'அன்பட்'தான்யா, படிக்காதவன். இங்கிலீஷ்ல எழுதுனா கொஞ்சம் கௌரவமா இருக்கும்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் கட்டைவிரலை மையில் தோய்த்துவிட்டேன். அப்புறம்தான் உன் ஞாபகம் வந்தது. "அதை அடிச்சிட்டு பேனாவைக் குடுங்க" என்றேன். போன லீவு முழுக்க நீ குதிரின் மேல் கரியால் எழுதிக் காட்டினாயே, அதேபோல என் பெயரை எழுதினேன். பாபு அந்தச் சொல்லை அடித்தார். பெயருக்குப் பக்கத்தில் என் மை விரலும் பட்டுவிட்டது, போகட்டும்.

யாராவது லூதியானா வந்தால் சத்துமாவு கொடுத்தனுப்பு. முன்னியின் பழைய பாடப்புத்தகமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. இதுவரை என்னோடு அறையில் தங்கும் ராம்தீன்தான் எனக்குக் கடிதம் எழுதித் தந்தான். கட்டியவள் பெயரை இன்னொரு ஆணிடம் எப்படிச் சொல்வது? இப்போது அறையில் யாரும் இல்லை.

சோன்மதி. சோன்மதி. சரியாக வந்திருக்கிறதா, பார்த்துச் சொல்.

மங்ரூ