வீமனுக்கு வாங்காத தகடு

அன்புமிக்க அருளப்பு அண்ணை,

நீங்கள் போய் ஏழு மாசம். இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதப் பயந்தவன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், அன்பு பொங்கிவிட்டதென்று நினைக்காதேயுங்கோ. மாட்டுப்பட்டுப் போனேன், அதுதான்.

உங்கள் மரியம்மா அக்கா கடிதம் போட்டிருக்கிறா. அடக்கம் முடிந்த அன்றே அவவின் தங்கச்சி வந்து கட்டைபறிச்சானுக்குக் கூட்டிப்போய்விட்டா. "வீமன் உன்னட்டையே நிக்கட்டும் தம்பி" என்று அக்கா போகும்போது சொன்னா. நான் தலையாட்டினேன். இப்போது எழுதியிருக்கிறா: "ஆக்கள் இருந்தும் வீடு வெறிச்செண்டு கிடக்கு. வாற ஞாயிறு லோஞ்சில கடல் கடந்து வந்து வீமனைக் கூட்டிக்கொண்டு போறன். அவர் வளர்த்த சீவன் ஒண்டாவது என்ர காலடியில கிடக்கட்டும்."

வாசித்துவிட்டு முற்றத்தைப் பார்த்தேன். எங்கள் நாய் டைகர் மட்டும்தான் படுத்திருந்தான். வீமன் இல்லை அண்ணை. நீங்கள் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இல்லாமல் போய்விட்டான்.

அக்கா உங்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் வீமன் எங்கள் வீட்டில் நின்றவன். கட்டிலில் இருந்துகொண்டே நாய்ப் பதிவுப் பத்திரத்தை என்னிடம் தந்தீர்கள். "இந்த வருஷத் தகடு கழுத்தில இல்லாட்டி நாய்பிடிகாரர் விடமாட்டினம் கனகு, மறந்திடாதை." அதில் கையெழுத்துப் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது. எங்கள் துறைமுக வேலைத்தளத்தில் இரும்பை வளைத்த கைக்குள் பேனை நிற்கவில்லை.

பத்திரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் என்ர மனிசி சட்டையைத் தோய்த்தாள். பைக்குள் இருந்து கஞ்சிப்பசை மாதிரி ஒன்று வந்தது.

வேறு பத்திரம் வாங்கி வந்து நீட்டியிருக்கலாம். அந்தக் கையைத் திரும்பவும் பேனையோடு மல்லுக்கட்ட வைக்க மனம் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எனக்கு மூளை கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்துமாருக்கு வேலை செய்கிற மாதிரி வேலை செய்யும். டைகருக்கு எடுத்த தகடு ஒன்று இருந்ததல்லவா? காலையில் அவன் தெருவுக்குப் போகும்போது தகடு அவன் கழுத்தில், வீமன் சங்கிலியில். பின்னேரம் கழற்றி வீமனுக்குக் கட்டுவேன், டைகர் சங்கிலியில். மனிசி பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் ஒரு சாரத்தை மாறி மாறிக் கட்டுற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை சங்கிலியைக் கொளுவ மறந்து வேலைக்குப் போய்விட்டேன். இரண்டும் சேர்ந்து மீன் சந்தைப் பக்கம் போயிருக்கின்றன. தகடு போட்டிருந்த டைகர் திரும்பி வந்தான். மீன் விற்கிற ஹனீபா நானா பின்னேரம் வீடு தேடி வந்தார். "உங்கட மற்ற நாயைப் பிடிகாரங்க வண்டியில ஏத்திட்டாங்க தம்பி. இப்பவே ஓடிப் போய்க் கேளுங்க, தருவாங்க."

நான் ஓடவில்லை அண்ணை. நாய் பதிகிற கந்தோரில் பத்திரம் எங்கே என்பார்கள், தகடு மாற்றிக் கட்டிய கதை வெளியே வரும், வேலைத்தளத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் போனேன். அவனுடைய கழுத்துப் பட்டியை மட்டும் எடுத்துத் தந்தார்கள்.

அன்று பின்னேரமும் உங்களைப் பார்க்க வந்தனான். "வீமன் தின்னுறானோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அண்ணை, டைகரின்ர பங்கையும் சேர்த்துத் தின்னுறான்."

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நாளுக்கொரு கதை. பூனையைத் துரத்தினான், தபால்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினான் என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் நம்பினீர்களா, இல்லை எனக்காக நம்பின மாதிரி இருந்தீர்களா? இனி யாரிடம் கேட்பேன்?

அக்காவின் கடிதத்தைக் கண்டதும் எனக்கு வந்த முதல் யோசனையையும் கேளுங்கோ. சந்தையடியில் வீமன் நிறத்தில் ஒரு நாய் திரிகிறது. அதைக் குளிப்பாட்டி நிறுத்தினால் என்ன என்று வீட்டில் கதைத்தேன். மூத்த மகள் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கினாள்.

"வீமன் மரியம்மா மாமியைக் கண்டா காலடியில மூத்திரம் பெய்யிறவன் அப்பா. அதையும் இதுக்குப் பழக்கப் போறியளோ?"

மனிசி இந்த முறை சிரிக்கவில்லை. "இனி ஒரு கதையும் கட்டாதேயுங்கோ. அந்த மனிசி கடல் தாண்டி வந்து வெறும் முற்றத்தைப் பார்க்க வேணுமோ?" என்றாள்.

அதனால் சனிக்கிழமையே முதல் லோஞ்சில் நான் மூதூருக்குப் போய், அங்கிருந்து கட்டைபறிச்சானுக்குப் போகிறேன். கடிதமாக எழுதிப் போடலாம்தான். உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன் உண்மையை மட்டும் தபாலில் அனுப்புவது சரியோ?

பத்திரம், தகடு, ஓடாமல் இருந்த அந்த ஒரு நாள், உங்களுக்குச் சொன்ன கதைகள் எல்லாவற்றையும் சொல்லுவேன். "அவர் நிம்மதியாத்தானே போனவர்" என்று அக்கா ஒருவேளை எனக்கே ஆறுதல் சொல்லக்கூடும். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வரமாட்டேன். ஏசினால் நின்று கேட்பேன். கதவைச் சாத்தினால் வெளியே இருப்பேன், கடைசி லோஞ்சு போனாலும் போகட்டும். சொல்லாமல் மட்டும் திரும்ப மாட்டேன் அண்ணை.

உங்களை ஏமாற்றிய பிறகும்
உங்கள் தம்பியாகவே இருக்க ஆசைப்படுகிற,
கனகு