பரங்கிப்பேட்டை வராகன் மூன்று

மஞ்சக்குப்பம், கடலூர்
புதன்கிழமை மதியம்

அன்புள்ள என் கணவர் அருள்முருகன் அவர்களுக்கு எழிலரசி எழுதுவது.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் தங்கை கனிமொழியின் வீட்டுக்காரர் இளவரசு கூடத்தில் மாட்டிவிட்டுப் போன கேமராவில் பேச்சும் கேட்குமாம். மாமாவின் பழங்காசு இருக்கிற வீடு, ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றார். ஆனால் அது காசு அறையைப் பார்த்து இல்லை, வாசற்கதவைப் பார்த்து இருக்கிறது. போன வாரம் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றவில்லை, எங்கே போயிருந்தேன் என்று சிதம்பரத்திலிருந்து கனிமொழி கேட்கிறாள். இதைச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிரிசில்லாவின் தம்பி ஆரோக்கியராஜ் நாளை ஷார்ஜா திரும்புகிறார். வெள்ளிக்கிழமை உங்கள் ரூமுக்கே வந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

மாமா இறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒன்பது வருடம் உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டபோதுகூட மேல்பட்டாம்பாக்கம் போய் அம்மாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வருவேன். இப்போது அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தும் போக முடியவில்லை. காசை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டக் கூடாதாம். உங்களோடு வந்துவிடுகிறேன் என்றால், காசைப் பாகம் பிரித்த பிறகு வா என்கிறீர்கள். பிரிக்க வேண்டுமானால் மதிப்புப் போட வேண்டும். அதற்கு முன்னால் ரகவாரியாக எடுத்து வைக்க வேண்டும். அது என் வேலை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள்.

தபால் ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுக்க மாமா சேர்த்தவை. ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டின், பழைய தபால் உறை என்று எதைத் திறந்தாலும் காசு. ஓட்டைக் காலணா மட்டும் ஒரு பாட்டில் நிறைய இருந்தது. டச்சுக்காரன் காசு, புதுச்சேரிக் காசு, சோழர் செப்புக்காசு எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து வைத்தேன். விரலெல்லாம் கறுத்துப்போய், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் சாப்பிடும்போது செம்பு வாடை அடிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதிப்புப் போட சிதம்பரத்திலிருந்து லூர்துசாமி ஐயா வந்தார். கனிமொழிதான் அழைத்து வந்தாள். நல்ல மனிதர், ஒவ்வொரு காசையும் ஓரத்தில் பிடித்துத்தான் எடுத்தார். சோழர் காசுகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், செம்பில் காலகாலமாகப் படிந்த பச்சைப் பாசி போனதோடு மதிப்பும் போய்விட்டது என்றார். நான்தான் தேய்த்தேன். கல்யாணம் ஆகி வந்த முதல் ஆயுத பூஜைக்கு மாமா சந்தோஷப்படட்டும் என்று பளபளவென்று துலக்கி வைத்தேன். அன்றைக்கு மாமா தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். சாகிறவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியாக அந்த வெல்வெட் பெட்டியைத் திறந்தோம். அந்த நேரம் நீங்களும் கனிமொழியின் போனில் வீடியோவில் இருந்தீர்கள். பரங்கிப்பேட்டை வராகன் மூன்று, பேத்தி கல்யாணத்துக்கு என்று கனிமொழியிடம் மாமா அடிக்கடி சொன்ன தங்கக் காசுகள். லூர்துசாமி ஐயா முதல் காசைச் சின்னத் தராசில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மற்ற இரண்டையும் வைத்தார். இருக்க வேண்டிய எடையில் பாதிதான் இருக்கிறது, பித்தளையில் செய்து முலாம் பூசியது என்றார்.

அப்புறம் கனிமொழி என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்:

"அப்பா போனதுலேந்து சாவி ஒங்ககிட்டதான அண்ணி இருக்கு?"

நான் போனில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டீர்கள். நெட்வொர்க் சரியில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றீர்கள். போன் நின்றுவிட்டது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளில் ஒருநாள் மாமா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அருளு வெளிநாடு போவறதுக்கு அந்த மூணையும் வித்துட்டம்மா. பெட்டி காலியா தெரியக் கூடாதுன்னு வேற செஞ்சி வச்சேன். அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். கனிகிட்ட சொல்லிடாத, ரொம்ப ஒடஞ்சி போயிடுவா."

சொல்ல மாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். நீங்களே என்றைக்காவது என்னிடம் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். அதன்பிறகு இந்த மூன்று நாளில் நாலு முறை பேசிவிட்டோம். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள், மழை உண்டா என்று கேட்டீர்கள்.

கனிமொழிமேல் எனக்குக் கோபமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் கேட்பேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பெரியப்பாவோடு வருகிறாள். பாடலீஸ்வரர் சன்னதியில் நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். எடுக்கவில்லை என்று செய்துவிடுவேன். ஆனால் யார் எடுத்தது என்றும் எனக்குத் தெரியாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். அதை எப்படிச் சொல்வேன்? சொன்னால் சாமி முன்னால் பொய். சொல்லாமல் நின்றால் நான் திருடி. உண்மையைச் சொன்னால் மாமாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். அப்படியே சொன்னாலும், செத்தவர்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். நீங்கள் ஒருவர் சொன்னால்தான் நம்புவார்கள்.

இன்னொரு விஷயம். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். உங்களைக் கேட்காமலே வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எது நடந்தாலும் சாவியைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, திங்கள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். திருடி என்ற பேரோடு போவதா, உங்கள் மனைவியாகப் போவதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மாமா கஷ்டப்பட்டு உங்களை அனுப்பியது தப்பில்லை, நீங்கள் போனதும் தப்பில்லை. கனிமொழி இரண்டு நாள் அழுவாள், உங்களைத் திட்டுவாள், பிறகு அண்ணன்தானே என்று பேசுவாள். நான் திருடி என்று ஆகிவிட்டால், என்னிடம் அப்படிப் பேச அவளுக்கு எந்த உறவும் மிச்சமிருக்காது.

பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள். ஆரோக்கியராஜ் கையில் நீங்கள் சாப்பிட எள்ளடையும் கொஞ்சம் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். ஞாயிறு பத்து மணிக்குள் உங்கள் தங்கைக்குச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருக்கும்
எழிலரசி