ஐந்தெழுத்துக் குழந்தை

உத்திரமேரூர்
9.3.2025

செல்லம் இளவரசிக்கு,

எல்லாம் நான் முன்னமே சொன்னபடிதான் நடக்கிறது. நீ கிளாஸ்கோவுக்கு விமானம் ஏறிய அன்றே, "இவளால நம்ம நூலகத்துக்கு ஒருநாள் பெருமை வரும்" என்றேன். வந்துவிட்டது. ஆங்கிலப் பேப்பரின் ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தில் ஒரே ஒரு சொல் பாக்கி. மற்றதெல்லாம் நான் போட்டது. நூலகக் கூட்டாளி கன்னியப்பன் கொஞ்சம் ஒத்தாசை. 'குழந்தை, ஸ்காட்லாந்து வட்டாரப் பேச்சில், ஐந்தெழுத்து.' முதலெழுத்து பி.

"எங்க அக்கா பொண்ணு அங்கதான் கீது, நாளைக்கே சொல்லிடும்" என்று வாய்விட்டுவிட்டேன். மானத்தைக் காப்பாற்று. போனில் தட்டினால் எனக்குப் பேச்சு வராது என்பதால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். ஒரு மாதமாக நீ ஒரு வரி போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் மாமா,
சின்னராசு


கிளாஸ்கோ
10.3.2025

அன்புள்ள மாமா,

இங்கே கிளாஸ்கோவில் குழந்தையை 'வெய்ன்' என்பார்கள். அது ஆங்கிலத்தில் நான்கெழுத்து, பி-யும் இல்லை. கிழக்குப் பக்கத்தில் 'பெய்ர்ன்' என்பார்கள். பி, ஏ, ஐ, ஆர், என். அதைப் போடுங்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி நர்சு கிழக்குப் பக்கத்துக்காரர், ஒவ்வொரு முறையும் என் வயிற்றைத் தொட்டு, 'பெய்ர்ன்' எப்படி இருக்கிறது என்றுதான் விசாரிக்கிறார். ஏழாவது மாதம் மாமா. ரத்த அழுத்தம் கூடுதல் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்ததிலிருந்து அம்மா என் போனை எடுப்பதில்லை. இதை நானே சொல்ல வேண்டும். நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது.

இளவரசி


உத்திரமேரூர்
12.3.2025

என் கண்ணே,

'பெய்ர்ன்' கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. நூலகமே எழுந்து நின்று கைதட்டியது. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கன்னியப்பன் கேட்டான். ஆதாரம் இல்லாமல் பேசுகிறவனா நான்? நர்சு கேட்டதைச் சொன்னேன். அவன் அன்று மாலையே அக்கா வீட்டுக்கு, பெருநகர் பஸ் ஏறினான். ரகசியமும் அவனோடு ஏறிவிட்டது. கோபிக்காதே, நல்லதே நடந்தது. அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடனே கிளம்பி வரச் சொல்லு, தலைப்பிரசவம் நம்ம வூட்லதான்" என்றாள். வளையல்காரருக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. இனி என்ன கவலை?

மாமா


கிளாஸ்கோ
12.3.2025

மாமா,

உங்கள்மேல் கோபப்படக்கூட நேரமில்லை. இந்த மாதத்தைத் தாண்டினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும். இவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, தனியாகத்தான் வருவேன். டாக்டர், போய்ச் சேருமிடத்தில் பார்த்துக்கொள்ள ஆள் உறுதியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அம்மா ஓடி வந்து யார் கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. வயிற்றோடு வந்து வாசலில் நிற்கும்போது கதவு திறக்காவிட்டால் நான் எங்கே போவேன்? 'வரச் சொல்லு' என்பது அம்மா வாயிலிருந்து வந்ததா? அதை மட்டும் சொல்லுங்கள். அலங்காரம் வேண்டாம்.

இளவரசி


உத்திரமேரூர்
13.3.2025

இளவரசி,

காலையில் முதல் பஸ்ஸில் பெருநகர் போனேன். நான் எழுதியதை அக்கா வாயால் சொல்ல வைத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ வயித்துல இருக்கிறத நீ இன்னாத்துக்குடா ஊர்பூரா சொல்லிக்கினு திரியற?"

செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். புடைத்துக்கொண்டே, "எத்தினி மாசம்?" என்றாள்.

"ஏழு நடக்குது. ரத்தக் கொதிப்பு கீதாம்."

முறம் நின்றது. "உப்பைக் கொறைக்கச் சொல்லு" என்றாள். "வரச் சொல்லட்டுமாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பியும் வரவில்லை. நடந்தது இவ்வளவுதான், இதில் ஒரு சொல் கூட்டவில்லை.

டாக்டரிடம் என் பெயரை எழுதிக்கொடு. வந்தால் உன் அத்தையும் நானும் பார்த்துக்கொள்வோம், அறையை ஒழித்துவைக்கிறோம். ஆனால் அம்மா கூப்பிட்டாள் என்று நம்பி டிக்கெட் எடுக்காதே. உன்னை வரச் சொன்னது அக்கா இல்லை, நான்.

சின்னராசு