பழுப்புக் கறை

ஜூலை 6, திங்கள்

தூறல். துணி காயவில்லை. மாத்திரை மூன்று இரவு போட்டாயிற்று, பாக்கி ஏழு. வெள்ளைப்படுதலுக்கும் அரிப்புக்கும் லேடி டாக்டர் கொடுத்தது. படுக்கும்போது உள்ளே வைத்துக்கொள்வது. ஆத்துக்காரருக்கு மட்டும் தெரியும். மாமியாரிடம் சொல்லவில்லை.

மாமியார் விடியுமுன்பே கிணற்றடியில். இந்தக் கன்னட தேசத்துக் குளிரில் தினம் இரண்டு குளியல். மடி ஆசாரம் முற்றிப்போயிற்று! ஆனால் முழங்கால் வலி என்று பெருமாளுக்குப் படைக்கும் தளிகையை மூன்று மாதமாக என் தலையில் கட்டியாகிவிட்டது.

வாங்க: துவரம்பருப்பு, நீலம், திரி.

ஜூலை 7, செவ்வாய்

காலையில் புடவையில் பழுப்பாகக் கறை. கூடவே மாவு மாதிரித் திப்பி. நாள் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. யோசிப்பதற்குள் மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏண்டி ஜானா, தூரமாயிட்டயே! தள்ளி நில்லு, ஒண்ணையும் தொடாதே."

பின்கட்டு மூலை. பாய், சொம்பு, தட்டு. இந்த நோட்டும் பென்சிலும் (காகிதத்துக்குத் தீட்டில்லையாம்). மாத்திரை டப்பா உள் அலமாரியில். தொடவும் முடியாது, மாமியார் எதிரில் அவரை எடுத்துத் தரச் சொல்லவும் முடியாது. தேசத்துக்குச் சுதந்திரம் வந்து ஆறு வருஷம் ஆகப்போகிறது.

"இன்னிக்குத் தளிகை?" என்றேன். மாமியார் முகம் செத்துப்போயிற்று. "அடுத்தாத்து வேதா வந்து பண்ணட்டும். எனக்கு முழங்கால்..."

அந்த முழங்காலோடுதான் கிணற்றில் நீர் இழுக்கிறார்.

ஜூலை 8, புதன்

கறை மங்கல். வலி இல்லை, பயம் இருக்கிறது. உள்ளே ஏதாவது அழுகி வெளியே வருகிறதோ? மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ? முப்பது வயதாகிறது, என் உடம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் தள்ளி நின்று, "டாக்டரைக் கேட்டுண்டு வரட்டுமா?"

"நீங்க போய் என்னன்னு கேப்பேள்?"

இருவருக்கும் சிரிப்பு.

ஜூலை 10, வெள்ளி

தலை முழுகி, ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் கன்னடத்தில் ஓர் அதட்டு. பிறகு பொறுமையாக விளக்கம்.

மாத்திரை உடம்புச் சூட்டில் கரையும். மருந்து உள்ளே வேலை செய்யும். அதோடு சேர்ந்த மாவும் பழுப்பும் மெதுவாக வெளியே வரும். தீட்டும் இல்லை, அழுகலும் இல்லை. துணி வைத்துக்கொண்டு விடாமல் போட வேண்டும். துர்நாற்றம், எரிச்சல், காய்ச்சல், நல்ல சிவப்பில் ரத்தம், எது வந்தாலும் உடனே வா. மூன்று இரவு விட்டது தப்பு, மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவுதானா! அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆனால் இனி பத்து நாள் கறை படும். ஒவ்வொரு தடவையும் மூலையா? மாமியாரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஜூலை 11, சனி

வெயில். சொல்லிவிட்டேன், கிணற்றடியில், மாமியார் துணி தோய்த்துக்கொண்டிருக்கும்போது.

"அம்மா, அது தூரமில்லே. மருந்து கரைஞ்சு வந்த கறை."

திட்டு விழும் என்று நின்றேன். கையிலிருந்த துணியைப் பிழியாமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மருந்து போட்டுண்டா கறை படுமா?"

"ஆமாம்மா."

"எனக்குத் தூரம் நின்னு எட்டு வருஷமாச்சு. நான் மருந்தொண்ணும் போட்டுக்கலையேடி. மூணு மாசமா படறதே, எனக்கு ஏன்?"

துணியைப் பார்த்தேன். பழுப்பு இல்லை. சிவப்பு.

மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஜட்கா வாசலில் வந்து நிற்கிறது. பெருமாள் இன்று காத்திருக்கட்டும்.