தோட்டா செய்கிறவனுக்கு என்ன வாங்குவது?

நவம்பர் 29, சனி

நன்றி நாள் விருந்தின் வான்கோழி ஒருவழியாகத் தீர்ந்தது. கடைசி எலும்பை இன்று சூப்பில் போட்டேன். அடுத்த தலைவலி கிறிஸ்துமஸ். எல்லாருக்கும் வாங்கிவிடலாம், என் புருஷன் டுவைட்டுக்கு என்ன வாங்குவது?

மற்றவளுக்கெல்லாம் வாய்த்த புருஷன் மீன் பிடிக்கிறான். தூண்டில் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. எதிர்வீட்டு ரோண்டாவின் புருஷன் ஒன்றுமே செய்வதில்லை, அவனுக்குச் சாக்ஸ் போதும். பள்ளிக்கூடத்தில் என் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவனோ தன் தோட்டாவைத் தானே செய்துகொள்கிறவன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, பளபளக்கத் தேய்த்து, அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் அடித்து, வெடிமருந்து ஊற்றி, மேலே ஈயக்குண்டை அழுத்தி மூடுவான். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குடியிருப்பே கராஜில்தான்.

போன வருடம் தோட்டா வடிவத்தில் உப்பு டப்பாவும் மிளகு டப்பாவும் கொடுத்தேன். அன்றிலிருந்து உப்பில்லாமல் சாப்பிடுகிறான்.

கராஜ் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: "மருந்து ஊற்றும்போது பேச்சு கிடையாது." யாருக்கு என்று பெயர் போடவில்லை. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

டிசம்பர் 3, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோர்டியின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். (நான் வேலை பார்க்கும் வண்டிப் பதிவு அலுவலகக் கவுண்டரில் என் இடத்தில் உட்கார்ந்தவள் பாவம், ஒருவரிடமும் ஒரு செய்தியும் கறக்கத் தெரியாதவள்.)

"நல்ல மருந்தா ஒரு டப்பா குடு கோர்டி. நல்ல குண்டா ஒரு பெட்டி."

கோர்டி கண்ணாடியைக் கழற்றினான். "டார்லா, நீ எந்த மருந்து வாங்கினாலும் அது தப்பான மருந்துதான். எந்த குண்டு வாங்கினாலும் தப்பான எடைதான். அவனவன் துப்பாக்கிக்கு அவனவன் பக்குவம். உனக்கு டுவைட் தானா போய் உள்பாடி வாங்கிட்டு வந்தா எப்படி இருக்கும்?"

"அப்ப நான் என்னதான் வாங்கறது?"

"தொப்பி."

அவனிடம் ஏற்கெனவே பதினோரு தொப்பி இருக்கிறது. எல்லாம் நான் வாங்கியவை.

டிசம்பர் 6, சனி

எனக்கு ஒரு யோசனை உதித்தது. அவன் பொறுக்குவது பித்தளை. நானே பொறுக்கிக் கொடுத்தால்? காசும் மிச்சம், அன்பும் தெரியும்.

ஊருக்கு வெளியே சுடும் மைதானத்தில், பனிச்சேற்றில் முழங்காலிட்டு ஒரு வாளி நிறையப் பொறுக்கினேன். ஜெபத்துக்குக்கூட நான் அவ்வளவு நேரம் முழங்காலிட்டதில்லை. நேராகக் கோர்டியிடம் எடுத்துப் போனேன். வாளிக்குள் விரலை விட்டு அளைந்தான். பின்னறைக்குப் போனான். ஏதோ எடுத்துவரப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். சிரிக்கப் போயிருக்கிறான்.

"இது பாயின்ட் இருபத்திரண்டு கூடு டார்லா. டப்பாவைச் சுடற சின்னத் தோட்டா. ஒரு தடவை சுட்டா அதோட கதை முடிஞ்சுது. முட்டை ஓட்டுல மறுபடியும் முட்டை வெப்பியா?"

"வாளி முழுக்கவா?"

"நல்ல கூட்டை எவன் விட்டுட்டுப் போவான்? டுவைட் மாதிரி ஆளுங்க சுட்ட உடனே குனிஞ்சு பொறுக்கிடுவாங்க. மிச்சம் கிடக்கறது மொத்தமும் குப்பை. உனக்காகவே ஊரே சேர்த்து வெச்ச குப்பை."

வாளி இப்போது வண்டியின் பின்சீட்டில். திருப்பத்தில் எல்லாம் கலகலக்கிறது.

டிசம்பர் 8, திங்கள்

கராஜிலிருந்து தினமும் சாயங்காலம் சத்தம். டக். டக். டக். நிறுத்தம். மறுபடி டக். டக்.

ஆ! மரவேலை! எனக்குத்தான் ஏதோ செய்கிறான். நகைப்பெட்டியாகத்தான் இருக்கும். எதிர்வீட்டு ரோண்டாவுக்கு உடனே போன் போட்டேன்.

"நகைப்பெட்டியா? ஏண்டி, உனக்கு இருக்கற ரெண்டு ஜோடி கம்மலுக்கு ஒரு பெட்டி வேறயா?"

பொறாமை. புதன்கிழமைக்குள் தேவாலயம் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதானே சொன்னேன்.

டிசம்பர் 11, வியாழன்

டுவைட் முடி வெட்டிக்கொள்ள நடந்தே போனான். நான் கராஜுக்குள் நுழைந்தேன். நுழைந்திருக்கக் கூடாதோ?

மரம் இல்லை. மரத்தூள் இல்லை. மேஜைமேல் பச்சை பிளாஸ்டிக்கில் ஒரு சுத்தியல், தலைப்பகுதி குழலாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ஈயக்குண்டு, இன்னொரு கிண்ணத்தில் மருந்து, ஒரு வரிசை காலிக் கூடு. கோர்டிக்குப் போன் போட்டு அங்க அடையாளம் சொன்னேன். சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"அது ஆணி அடிக்கற சுத்தி இல்ல. தோட்டாவை அதுக்குள்ள மாட்டி ஓங்கித் தட்டினா குண்டு கழண்டு வரும். செஞ்சதைப் பிரிக்கறதுக்கு."

"எதுக்குப் பிரிக்கணும்?"

"சந்தேகம் வந்தா."

"தினமும் சாயங்காலமா சந்தேகம் வரும்?"

கோர்டி குரலைத் தாழ்த்தினான். "அக்டோபர்லதான் வாங்கிட்டுப் போனான். அதுவரைக்கும் அவன்கிட்ட அந்தச் சாமானே கிடையாது. நான் சொன்னதா சொல்லாத."

பகலில் செய்வது, சாயங்காலம் பிரிப்பது. சமைத்துச் சமைத்துக் குப்பையில் கொட்டுகிற மாதிரி. யாருக்காகச் செய்கிறான் என்று எனக்குத் தெரியும். ஷெல்பிக்கு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மகளுக்கு அவன் கொடுப்பது தன் கையால் செய்த ஒரு பெட்டி தோட்டா. அவள் பில்லிங்ஸ் நகரில் வாரம் முழுக்க ஊரார் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கவ்பாய் காலத்து வேஷத்தில், நீளப் பாவாடையும் தொப்பியுமாகப் பழங்காலத்து ரிவால்வரில் இரும்புத் தட்டுகளைச் சுட்டுப் போட்டியில் ஜெயிக்கிறவள். அப்பாவின் தோட்டா தவிர வேறெதையும் அந்த ரிவால்வரில் போட்டதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பும்போது டுவைட்டிடம் கேட்டுவிட்டேன். வண்டியை நான்தான் ஓட்டினேன். யோசித்துப் பார்த்தால், இலையுதிர் காலத்திலிருந்தே நான்தான் ஓட்டுகிறேன். "நீ ஓட்டு, எனக்குக் கை குளிருது" என்பான். மொன்டானா பனியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கை குளிருகிறதாம்! நான் எப்படி அதை நம்பினேன்? ஊரில் யார் வீட்டில் எந்தப் பல் ஆடுகிறது என்று சொல்வேன், பக்கத்து சீட்டில் இருப்பவனைப் பார்க்கவில்லை.

"நகைப்பெட்டி எப்ப முடியும்?"

"என்ன நகைப்பெட்டி?"

"அப்ப தினமும் என்னத்த தட்டற?"

வேலிக்கம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை, அதுவே அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"கூட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா எல்லாம் ஒரே சாம்பலா தெரியுது" என்றான். "ஒரு தடவை ஊத்தினேனா, ரெண்டு தடவையானு தெரியல. சந்தேகம் வந்தா பிரிச்சிடறேன். பிரிச்சா மறுபடியும் செய்யணும். மறுபடியும் சந்தேகம்."

இது எனக்கே புரிகிறது. ஷெல்பியுடையது பெரிய கூடு, மருந்தோ கொஞ்சம். இரண்டு தரம் விழுந்தாலும் வழியாது, மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. சுடும்போதுதான் தெரியும். ரிவால்வர் கையிலேயே வெடிக்கும். அதற்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் அவள் முகம்.

"கண் டாக்டர்?"

"பார்த்தாச்சு. புரை. மார்ச்லதான் ஆபரேஷனுக்கு இடம் இருக்காம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா..." என்றான். முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. என்னிடம் சொன்னால் ரோண்டாவுக்கு, ரோண்டாவிலிருந்து தேவாலயத்துக்கு, அங்கிருந்து சுடும் மைதானத்துக்கு. 'டுவைட்டுக்குக் கண் போச்சாமே, அவன் செஞ்சதை இனி யார் சுடுவா?' முதலில் சொல்கிற வாய் என்னுடையதாகவே இருந்திருக்கும்.

"இந்த வருஷம் ஷெல்பிக்குக் கடைப் பெட்டி வாங்கிடறேன்." கிழட்டு நாயைக் கொல்ல ஊசி போடக் கொண்டுபோகிறேன் என்பதுபோலச் சொன்னான்.

டிசம்பர் 15, திங்கள்

ரோண்டா போன். நகைப்பெட்டி எப்படி வருகிறதாம். "நல்லா வருது" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. தேதி போட்டு எழுதி வைக்கவேண்டிய செய்திதான்.

டிசம்பர் 17, புதன்

கோர்டி ஒரு கருவி காட்டினான். மருந்து அதிகமாகிவிட்டால் கீச்சிடுமாம். டுவைட் தோட்டாவை அழுத்தும் பழைய பிரஸ்ஸில் அது பொருந்தாதாம். சரி, கூட்டுக்குள் எட்டிப் பார்க்க என்னதான் வேண்டும்? நல்ல வெளிச்சம், இரண்டு நல்ல கண், மூடிய வாய்.

கண் இருக்கிறது. விளக்கு வாங்கிவிட்டேன், சுரங்கக்காரன் மாதிரி நெற்றியில் கட்டிக்கொள்வது. மூன்றாவது எந்தக் கடையில் கிடைக்கும்?

ஒரு மதியம் முழுக்க நான் பேசாமல் இருந்தது எப்போது? பல் பிடுங்கிய அன்று. அன்றும் எழுதிக் காட்டினேன்.

டிசம்பர் 20, சனி

நெற்றி விளக்கோடு கராஜ் கதவைத் தட்டினேன்.

"என்ன வேஷம் இது?"

"உன் கிறிஸ்துமஸ் பரிசு. அஞ்சு நாள் முன்னாடியே வந்துடுச்சு. ரெண்டு கண்ணு. வாயை சமையலறையிலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

கதவிலிருந்த பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி பலகையைப் பார்த்தான். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு, நான் உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டான். என் குப்பை வாளி அல்ல, வேறு.

குழிகள் போட்ட மரப்பலகையில் கூடுகள் வாய்பிளந்து வரிசையாக நின்றன. அவன் மருந்து அளக்கும் கருவியின் பிடியை இழுப்பான், மருந்து சரக்கென்று விழும், அடுத்த கூடு. ஒரு வரிசை முடிந்ததும் நான் குனிந்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்க்க வேண்டும். சரி என்றால் தலையாட்டல். அவ்வளவுதான் பேச்சு.

இதில் கொடுமை, அன்று காலைதான் எனக்கு ஒரு செய்தி கிடைத்திருந்தது. போதகரின் மைத்துனி மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள், அதுவும் யாரை! அது தொண்டையில் வெந்நீர் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. விழுங்கினேன். மறுபடி மேலே வந்தது. மறுபடி விழுங்கினேன்.

மூன்றாவது வரிசை. எல்லாக் கூட்டிலும் மருந்து அடியில், ஒரே மட்டம். ஒன்றில் மட்டும் கொஞ்சம் மேலே. வெளிச்சத்தின் கோளாறோ? தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இல்லை. மேலேதான்.

கையைத் தூக்கினேன்.

அவன் குனிந்து பார்த்தான். தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு மெல்லிய குச்சியை எடுத்து அதில் விட்டான், பக்கத்துக் கூட்டில் விட்டான், இரண்டு அளவையும் விரலால் பிடித்துப் பார்த்தான். இரண்டு மடங்கு.

அப்போது எனக்குப் பேசத் தோன்றவில்லை. அவன் வெறுமனே அந்தக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஷெல்பி சின்ன வயதில் ஏரிப் பனியில் விழப்போனபோது இப்படித்தான் நின்றான்.

பிறகு அந்த வரிசை முழுவதையும் டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து ஊற்றினான். நான் முதலிலிருந்து பார்த்தேன்.

கடைசிக் குண்டு அழுந்தியதும் பிடியிலிருந்து கையை எடுத்தான். "இப்ப சொல்லு."

"என்னத்த?"

"மத்தியானத்துலேர்ந்து முழுங்கிட்டு இருக்கியே, அத."

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தான். துடைத்ததெல்லாம் சிரிப்பினால் வந்ததுதானா என்று நான் கேட்கவில்லை. இன்று எனக்கு நல்ல பழக்கம் ஆகிவிட்டது.

டிசம்பர் 25, வியாழன்

ஷெல்பி தன் பெட்டியைப் பிரித்தாள். மூடியில் வழக்கம்போல அவள் அப்பாவின் கோணல் எழுத்து: மருந்தின் பெயர், எடை, தேதி. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. 'சரி பார்த்தது: டார்லா.'

"அம்மாவா? கராஜ்லயா? பேசாமயா?"

"பேசாமதான்" என்றான் டுவைட்.

"அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதாப்பா?"

சாப்பிடும்போது கண்ணைப் பற்றி அவனே அவளிடம் சொன்னான். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் மரத்தடியில் எனக்கென்று அவனிடமிருந்து ஒன்றுமில்லை. "உன்னோடது இன்னும் காயல" என்றான். காயவில்லையா? என்ன காயவில்லை?

ஜனவரி 17, சனி

ரோண்டா நகைப்பெட்டியைப் பார்த்தே தீருவேன் என்று வந்து நின்றாள். கராஜுக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன். மேஜையருகே டுவைட்டின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவன் செய்த இன்னொரு ஸ்டூல், காய்ந்து முடிந்த புது வார்னிஷ், என் குட்டைக் காலுக்குத் தகுந்த உயரம்.

"இதுல எங்கடி கம்மல வெக்கறது?"

"அதுல வெக்கறது வேற" என்றேன். எதற்கு ஸ்டூல் என்று விதவிதமாகக் கேட்டுப் பார்த்தாள். பாவம், ஒன்றும் பெயரவில்லை.

அவள் போனதும் டுவைட் ரேடியோவை அணைத்தான். நான் விளக்கைக் கட்டிக்கொண்டேன். கதவிலிருக்கும் பலகையை அவன் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டால் அது கண்ணில் படுவதில்லை.